அறிக்கையில் வாழ்ந்த குத்தாலிங்கம்

குத்தாலிங்கத்துக்கு முப்பத்திரண்டு வயது நடக்கும்போது கண் போயிற்று. அதற்கு முன் பதினேழு வருஷம் அவர் தென்காசியில், மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே இருந்த பரமசிவன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். கலியாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் என்று எது வந்தாலும், ஈய எழுத்துக்களைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வரியாகச் சேர்ப்பதில் அவருக்கு ஈடு சொல்ல அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். பக்கத்துப் பெட்டியில் நின்ற மைதீன். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் கோத்ததில் பிழை இருந்தால், முதலாளி கண்ணில் படுவதற்கு முன்னால் மற்றவர் திருத்திவிடுவார். அதற்கு நன்றி சொல்லிக்கொள்வதெல்லாம் அவர்களுக்குள் கிடையாது.

1933 ஐப்பசியில் அது நடந்தது. அச்சடித்து முடித்த எழுத்துக்களில் மை போவதற்காகக் சோடாக் காரம் கலந்த தண்ணீரில் கழுவுவார்கள். அந்தச் சட்டி இருந்த பலகையில் ஆணி கழன்று, கீழே விழுந்த எழுத்தை எடுக்கக் குனிந்த குத்தாலிங்கம் நிமிர்ந்த நேரத்தில் முகத்தோடு கொட்டிவிட்டது. வலது கண் அன்றைக்கே போயிற்று. ஒரு கண்ணாவது தப்பியதே என்று அவர் மனைவி ஆவுடைத்தாய் நேர்ந்துகொண்ட கோயிலுக்கெல்லாம் போய்வந்தாள். ஆனால் கார்த்திகை கழியும்போது இடது கண்ணும் சிவந்து கலங்க ஆரம்பித்தது. ஒரு கண்ணுக்குப் பட்ட சேதம் சிலருக்கு அடுத்த கண்ணையும் இழுத்துக்கொண்டு போவது உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தை பிறந்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது. மாசியில் அதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஆவுடைத்தாய் நெல் அவிக்கும் களத்துக்கு வேலைக்குப் போனாள். வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் மைதீன் ஒரு தகர டப்பாவோடு வந்து அதைப் பாயில் கவிழ்த்தார். ஒன்றோடொன்று கலந்துபோன ஈய எழுத்துக்கள் சலசலவென்று கொட்டின.

"ஏலே, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் கொடு. எனக்குக் கை ஒழியலை."

"கேலி பண்ணுதியா?"

"கேலி பண்ணவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்? தொட்டுத்தான் பாரேன்."

குத்தாலிங்கம் ஒன்றை எடுத்து விரல் நுனியில் உருட்டினார். மேல் எது, கீழ் எது என்று காட்ட ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு வெட்டு இருக்கும். பெருவிரலால் அந்த வெட்டைக் கண்டுபிடித்து, சுட்டுவிரலை எழுத்தின் முகத்தில் வைத்தார். வளைவும் வாலும் தட்டுப்பட்டன. "ழ" என்றார். அடுத்தது "கு". அதற்கடுத்தது வெறும் துணைக்கால். அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் நிமிரவில்லை. கடைசி எழுத்தைத் தனியே வைத்தபோது பக்கத்தில் மைதீன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அடுத்த வாரமே அச்சுக்கூடத்துக்குத் திரும்பினார். கோக்கிற வேலை அவருக்கு இல்லை. அச்சாகி முடிந்த எழுத்துக்களைப் பிரித்து, அதை அதைப் பெட்டியில் அதனதன் அறையில் போடுகிற வேலை. பெரிய எழுத்து வேகமாக வரும், சின்ன எழுத்தைத் தடவித் தடவித்தான் போட வேண்டும். ஆனாலும் முதலாளி பரமசிவன் குறை சொல்லவில்லை.

குத்தாலிங்கத்துக்கு இருந்த குறை வேறு. கோத்த காலத்தில் அவர் கைக்கு வந்ததையெல்லாம் படித்துவிடுவார். யார் வீட்டில் யாருக்குக் கலியாணம், எந்தக் கோயிலில் என்ன திருவிழா, சாமியார்கள் எழுதிய பாட்டு, வைத்தியர்கள் எழுதிய பக்குவம் எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். இப்போது ஒவ்வொன்றையும் யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலும் மைதீன் வாசித்தார்.

அந்த வருஷம் ஆடியில் சொரிமுத்து வக்கீல் அச்சுக்கூடத்துக்கு வந்தார். குற்றாலத்தில் சாரல் காலத்துக்கு வந்து தங்கும் பெரிய மனிதர்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் சேர்ந்து விழியற்றோர் சகாய சபை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அவர்தான் காரியதரிசி. கூட்ட நோட்டீஸ் அடிக்கக் கொடுக்க வந்தவர், விரலால் எழுத்தைத் தடவிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

கண் தெரியாதவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே காகிதத்தில் மேடாகக் குத்திய புள்ளிகளைத் தடவிப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், வயது வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அந்தப் புள்ளிப் புத்தகங்களைத் தயாரிக்கவே ஆள் தேவைப்படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குத்தாலிங்கம் கையிலிருந்த எழுத்தைப் பெட்டியில் போட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமாவே புஸ்தகம் படிக்கலாமாய்யா? நானே?"

"நீரேதான். உம்ம விரலுக்கு அது ஆறு மாச வேலை. நீர்தான் வே நம்ம சபையில மொத ஆளு. உம்மை அனுப்பிட்டுத்தான் மறு வேலை."

அந்த ஆடியிலேயே குற்றாலத்தில் ஒரு பங்களா முற்றத்தில் சபையின் முதல் கூட்டம் நடந்தது. குத்தாலிங்கத்தை மேடையில் உட்கார வைத்து, பெரிய ஈய எழுத்துக்கள் சிலவற்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் தடவிச் சொல்லச் சொல்ல, சாரலுக்குக் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த கூட்டம் கை தட்டியது. தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். ஒரு கைத்தடியும் கொடுத்தார்கள். திரும்பும்போது வண்டியில் ஆவுடைத்தாய், "இந்தாருங்க, நீங்க போயிட்டா நான் எங்கம்மைகூட இருந்துக்கிடுதேன். ஒரு வருஷம் ஓடிரும்" என்றாள். வீடு வருவதற்குள் எந்தப் பெட்டியில் எந்தத் துணியை வைப்பது என்பதுவரை பேசி முடித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் சபை அலுவலகத்தில் ஆட்களைப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அலுவலகம் என்பது தென்காசியில் வக்கீல் வீட்டு முன்கட்டில் ஒரு அறை. அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். குத்தாலிங்கம் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தடியைத் தட்டிக்கொண்டு முதல் செவ்வாயே போய்விட்டார்.

"கண்ணு தெரியலைன்னு டாக்டர் சர்டிபிகேட் வேணும்" என்றார் குமாஸ்தா.

வாங்கிக்கொண்டு போனார். வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அடுத்த வாரம், ஐயா கோர்ட்டுக்குப் போயிருக்காஹ. அதற்கடுத்த வாரம், பள்ளிக்கு எழுதியிருக்கு, பதில் வரணும். தை மாதம் போனபோது பைல் குற்றாலத்தில் தலைவர் பங்களாவில் இருக்கிறது என்றார்கள். வண்டி பிடித்துப் போனால், பங்களா பூட்டியிருந்தது. காவல்காரன் சாரல் காலத்தில்தான் ஆள் வருவார்கள் என்றான். சாரல் வந்து போனபோது, பைல் தென்காசியிலேயே இருக்கிறது என்று சொன்னார்கள். அடுத்த ஆவணியில் குமாஸ்தா பழைய சர்டிபிகேட்டைக் கையில் எடுத்தார்.

"இது ஆறு மாசத்துக்குத்தான் செல்லும். புதுசு வாங்கிட்டு வாரும்."

"போன வருஷம் தெரியாத கண்ணு இந்த வருஷம் தெரிஞ்சிரும்னா கேக்கீக?"

"எங்கிட்டக் கேட்டா? விதி அப்படி."

புதிதாக வாங்கிக் கொடுத்தார். அதுவும் ஆறு மாதம் கிடந்து காலாவதி ஆயிற்று. மூன்றாவதையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த முன்கட்டில் அவரோடு காத்திருந்தவர்களில் பண்பொழி மாடத்தியும் ஒருத்தி. சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் இழந்தவள். அவளுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு செவ்வாயும் வருவாள். "இன்னைக்காவது கூப்பிடுவாஹளாண்ணே?" என்று கேட்பாள். "கூப்பிடுவாஹ, இரு" என்பார் குத்தாலிங்கம். எப்போதாவது சொரிமுத்து வக்கீல் வெளியே வந்தால், அவர் தோளைத் தட்டி, "ஞாபகம் இருக்கு வே, ஞாபகம் இருக்கு" என்பார். அந்தக் குரலில் இருந்த வாஞ்சை ஒரு மாதத்துக்குத் தாங்கும். அப்படியே மூன்று வருஷம் போயிற்று.

1937 ஆனியில் சபையின் மூன்றாவது ஆண்டறிக்கை பரமசிவன் அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. சபை வேலையை எப்போதும் மைதீனே கோத்து, மைதீனே பிரித்துப் போடுவார். "அதை நான் பாத்துக்கிடுதேன், நீ பத்திரிகையைப் பாரு" என்பார். அதில் குத்தாலிங்கத்துக்குச் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்த முறை, அறிக்கை அச்சாகி முடிந்த மறுநாள் மைதீன் தங்கை மகள் நிக்காஹுக்கு நான்கு நாள் கடையநல்லூர் போய்விட்டார். ஆனி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. பெட்டியில் எழுத்து இல்லை.

"குத்தாலிங்கம், அந்தச் சபை அறிக்கையைப் பிரிச்சுப் போட்டுரு" என்று சொல்லிவிட்டு முதலாளி கடைவீதிக்குப் போனார். என்ன சொன்னோம் என்று யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

குத்தாலிங்கம் எழுத்துக்களைக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து முதல் பக்கத்தைப் பிரித்தார். தலைவர் பெயர், காரியதரிசி பெயர். எட்டாம் பக்கத்தில் ஆட்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. ஒரு வரியின் தொடக்கத்தில் விரல் வைத்தார். கு. த். தா. லி. ஙகரமெய். க. ம். பெட்டிக்குப் போன கை பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தடவினார். அவர் பெயர்தான். பக்கத்தில் தென்காசி.

அடியில் சின்ன எழுத்தில் ஐந்து வரி இருந்தது. ஈயத்தில் எழுத்து இடவலம் மாறி இருக்கும். ஒவ்வொன்றாய்த் தடவி, மனதில் திருப்பிப் போட்டு, சொல்லாக்கி, சொல்லைச் சொல்லோடு சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 'அச்சுத் தொழிலாளியான இவர் கண்ணிழந்து பரிதவித்து நின்றகாலை, சபை இவரை மேற்படி பள்ளிக்கு அனுப்பிப் புள்ளியெழுத்துப் பயிற்றுவித்தது. இரண்டாண்டுப் பயிற்சி முடிந்து, இன்று இவர் பிறர் தயவின்றிப் படித்து இன்புற்று வாழ்கிறார்.'

அடுத்த பெயர் மாடத்தி, பண்பொழி. தையல் கற்றுத் தேறி, நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்கிறாளாம்.

குத்தாலிங்கம் விரலை எடுக்கவில்லை. அந்த வரிகளில் இன்னொன்றும் இருந்தது. காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளிக்காக ஒரு கனத்த ஈயக்கட்டை போட வேண்டிய இடத்தில் இரண்டு மெல்லிய கட்டைகள் போட்டிருந்தது. தென்காசியில் அப்படிக் கோக்கிற கை ஒன்றுதான். இருபது வருஷமாக அவர் கேலி செய்த கை. பெயரைத் தடவி, வரியைத் தடவி, அந்த மெல்லிய கட்டைகளைத் தடவி, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷம், மூன்று அறிக்கை. மூன்றையும் மைதீன்தான் கோத்தார், பிரித்தும் போட்டார்.

திங்கள்கிழமை மைதீன் நிக்காஹ் வீட்டு இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

"நிக்காஹ் நல்லா நடந்துதா?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"அல்லா புண்ணியத்துல நல்லா நடந்துது. இந்தா, ஒனக்குன்னு எடுத்து வச்சேன்."

"மைதீன், நான் எந்த வருஷம்லே பள்ளிக்கூடம் போனேன்?"

பொட்டலக் காகிதம் சரசரப்பது நின்றது.

"முதலாளி கோக்கச் சொன்னாஹ. நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் கோப்பான்."

"கோத்ததை நான் கேக்கலை. கூலிக்கு நிக்கோம், வாறதைக் கோக்கோம். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் சட்டையை மாட்டிக்கிட்டுப் போவே. வந்து, இந்தத் தடவை ஆயிரும்லேன்னு சிரிப்பே. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிலே சொல்லுவேன்?"

"மூஞ்சியைப் பாத்தவன் நீ. எனக்குப் பாக்க வழியில்லை. அதுக்குத்தான்லே நீ சொல்லிருக்கணும்."

மைதீன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். குத்தாலிங்கம் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பொட்டலம் சாயங்காலம் வரை பெஞ்சில் கிடந்து எறும்பு மொய்த்தது.

அறிக்கையால் அவருக்கு ஒரே ஒரு பிரயோசனம் இருந்தது. அதில் பள்ளியின் பெயரும் ஊரும் இருந்தன. பள்ளிக்குத் தானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். யாரிடம் சொல்லி எழுத வைப்பது? எழுதுகிறவன் சொன்னதைத்தான் எழுதினானா என்று எப்படித் தெரியும்? முதலாளி சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, கடிதத்தை அவரே பெரிய எழுத்தில் கோத்தார். தான் யார், சபை தன்னைப்பற்றி ஏதாவது எழுதியதா, இனியாவது இடம் உண்டா என்று பத்து வரி. மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளியின் விலாசத்தையும் அப்படியே ஒரு துண்டுத் தாளில் எடுத்து உறைமேல் ஒட்டினார். தெரிந்தோ தெரியாமலோ அந்த மூன்று நாளும் மைதீன் அந்தப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தபால்காரர் இசக்கி வாசலில் நின்றபடியே வாசித்தார்.

"'தங்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். விரலால் அச்செழுத்தைப் படிப்பவர் என்று சபையார் முதலில் எழுதியதிலிருந்து தங்களை எதிர்பார்த்திருந்தோம். தங்களுக்காக இரண்டு முறை இடம் ஒதுக்கி வைத்தோம். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று கேட்டு மூன்று கடிதங்கள் சபைக்கு அனுப்பினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. தங்களுக்கு வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டோம். இப்போது தங்களுக்கு முப்பத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தைந்துக்கு மேல் சேர்த்துக்கொள்ள விதி இல்லை. மனம் வருந்துகிறோம். புள்ளியெழுத்து அட்டை ஒன்றைத் தனித் தபாலில் அனுப்புகிறோம்.'"

"இன்னொரு தடவை வாசியும்" என்றார் குத்தாலிங்கம். இசக்கி வாசித்தார். தனக்காக யாரோ இரண்டு முறை ஒரு பாயை விரித்து வைத்துக் காத்திருந்தார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எனக்கு விருப்பமில்லையாம் என்று ஆவுடைத்தாயிடம் சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

மறுநாள் அந்தக் கடிதத்தை மைதீனிடம் நீட்டினார். இசக்கி ஏற்கெனவே வாசித்துவிட்ட கதையைச் சொல்லவில்லை.

மைதீன் மெதுவாக வாசித்தார். மூன்று கடிதம் எழுதியதை மறைக்காமல் வாசித்தார். வயதைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் ஒரு நொடி நின்றார். "அடுத்த வருஷம் இடம் இருந்தா எழுதுவோம்னு போட்டிருக்குலே. மனசை விட்டுராதே."

"நீ வாசிச்சது இதுல இல்லையே, மைதீன்."

மைதீன் மன்னிப்புக் கேட்டார், அழுதார், உன் நன்மைக்குத்தான் என்றார். குத்தாலிங்கம் கை நீட்டிக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சொரிமுத்து வக்கீல் அவருக்கு அந்நியர். அந்நியர் செய்ததற்கு வெளியே நின்று கோபப்படலாம். இதற்கு எங்கே நின்று கோபப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வக்கீல் வீட்டுக்குப் போனார். ஆவுடைத்தாயும் கூட வந்தாள். வக்கீல் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அலமாரியில் ஒரு கட்டு அவிழ்ந்தது. பள்ளியிலிருந்து வந்த மூன்று உறைகளும் இருந்தன. அதில் இரண்டு பிரிக்கவே இல்லை என்று ஆவுடைத்தாய் பிறகு சொன்னாள்.

"பதில் போடணும்னுதான் வே இருந்தேன். வேலை மேல வேலை. சபைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கடுதாசி வருதுங்கீர்?"

"அறிக்கையில நான் படிச்சு வந்துட்டதாப் போட்டிருக்கே, ஐயா?"

"ஓ, அதுவா. எப்படியும் அனுப்பத்தானே போறோம்னு ஒரு நம்பிக்கையில போட்டது. நாலு பேரு படிச்சாத்தானே சபை வளரும்? சபை வளந்தாத்தானே உமக்கு நல்லது?" குரலில் அதே வாஞ்சை இருந்தது. "இந்தக் கடுதாசி பைல்ல இருக்கட்டும். தலைவர்கிட்ட நானே பேசுதேன்."

"அது என் கடுதாசி ஐயா. கொடுங்க."

"எங்கே போயிரும்? பைல்லதானே இருக்கு." அலமாரிக் கதவு சாத்தப்பட்டது.

அன்றைக்கே மாடத்தியிடம் அறிக்கையில் அவளைப்பற்றிப் போட்டிருப்பதைச் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கெஞ்சினாள். "அண்ணே, என் பேரை இதுல இழுத்துராதீக. தீபாவளிக்கு ஒரு சேலை கொடுக்காஹ. அதையும் கெடுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஆகவே, சபைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக முன்போலவே சாப்பாட்டு நேரத்தில் அவர் கோத்த துண்டுத்தாளில் தன் பெயரை மட்டும் போட்டார். 'நான் தென்காசி குத்தாலிங்கம். சபை அறிக்கையின் எட்டாம் பக்கத்தில் நான் பள்ளிக்குப் போய்ப் படித்ததாக இருக்கிறது. நான் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. பள்ளியார் எனக்காக எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சபை பதில் போடவில்லை. இதை நானே கோத்தேன்.' இருநூறு தாள் எடுத்துக் கட்டினார்.

ஆடி இரண்டாம் ஞாயிறு குற்றாலத்தில் கூட்டம். பேரருவியின் இரைச்சல் முற்றம்வரை கேட்டது. வாசலில் நின்று ஆவுடைத்தாய் தாள்களைக் கொடுக்க ஆரம்பித்தாள். பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். தொண்டர்களில் ஒருவர் வந்து, "கொடுங்கம்மா, நாங்க கொடுக்கோம்" என்று கட்டை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனார். அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை. மடியில் ஒரு கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

சற்று நேரத்தில் மேடையிலிருந்து சொரிமுத்து வக்கீலின் குரல் கணீரென்று கேட்டது.

"மகாஜனங்களே! நமது அறிக்கையில் தாங்கள் படித்த குத்தாலிங்கம் இதோ நம்மிடையே வந்திருக்கிறார். இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பாருங்கள். இதை நானே கோத்தேன் என்று அச்சிட்டிருக்கிறார். கண்ணில்லாத ஒருவர், பிழையில்லாமல்! சபையின் தொண்டுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

கை தட்டல் எழுந்தது. யாரோ அவரைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. "நான் போகலை ஐயா! நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகலை! அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க!" என்று குத்தாலிங்கம் கத்தினார். பக்கத்தில் நின்ற இரண்டொருவருக்குக் கேட்டிருக்கும். கை தட்டல் ஓய்வதற்குள் ஆர்மோனியம் தொடங்கி, இறைவணக்கம் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்று தொண்டர் ஒருவர் அவர் கையைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

ஆவுடைத்தாய் விடவில்லை. அருவிக்குப் போகும் பாதையில் நின்று மடியில் இருந்த தாள்களை வருகிறவர்களிடம் நீட்டினாள். குளிக்கப் போகிறவர்கள் எண்ணெய்க் கையோடு வாங்கினார்கள். தாள் விரலில் ஒட்டிக் கிழிந்தது. ஒருவர் மட்டும் நின்று முழுதும் படித்து, "அடப்பாவமே" என்றார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சாரல் வலுத்தது. மேலகரம்வரை அவர்கள் நடந்தே வந்தார்கள். வழியில் குத்தாலிங்கம் மாலையைக் கழற்றி ஆவுடைத்தாயிடம் கொடுத்தார். அவள் அதை எங்கே போட்டாள் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பரமசிவன் கூப்பிட்டார். சபையின் வேலை இனி இங்கே வராதாம். "உனக்கு நான் என்ன குறை வச்சேன் குத்தாலிங்கம்? நாளையில இருந்து வரவேண்டாம்" என்றார். நான்கடி தள்ளி மைதீன் கோத்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கள் வரிசையில் விழும் சத்தம் நின்றது. குத்தாலிங்கம் தடியை எடுத்துக்கொண்டு எழும்வரை மைதீன் வாய் திறக்கவில்லை. வாசல்படி இறங்கிய பிறகு அந்தச் சத்தம் மறுபடி தொடங்கிற்று.

அடுத்த ஆண்டறிக்கையில் குத்தாலிங்கத்தின் பெயர் இல்லை. அந்த இடத்தில் வேறு ஊர்க்காரர் ஒருவர் படித்து முடித்து வந்திருந்தார்.

வேலை போன அந்த ஆவணியிலேயே பள்ளியிலிருந்து புள்ளியெழுத்து அட்டை வந்திருந்தது. ஒவ்வொரு புள்ளிக் கூட்டத்தின் பக்கத்திலும் அது எந்த எழுத்து என்று மையில் அச்சாகியிருந்தது. கண் உள்ளவர் ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் அது பிரயோசனப்படும். ஆவுடைத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. இசக்கிக்கு நேரம் கிடையாது. ஒரு சாயங்காலம் மைதீன் வந்து வாசலில் நின்றார்.

"நான் சொல்லித் தாரேன்லே."

குத்தாலிங்கம் பாயில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். பிறகு, "உள்ள வா" என்றார்.

மைதீன் சொல்வார், குத்தாலிங்கம் தடவுவார். அன்றைக்குப் படித்த எழுத்துக்களை மறுநாள் தபால்காரர் வரும்போது அட்டையைக் காட்டி, "இது என்னன்னு சொல்லும்" என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொள்வார். எட்டு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார். பள்ளியார் இரண்டு புத்தகம் அனுப்பினார்கள். அவை இரண்டையும் புள்ளிகள் தேய்ந்து மழுங்கும்வரை படித்தார். அதற்குமேல் அவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. செங்கோட்டையில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துப் பிரிக்கும் வேலை கிடைத்து, தினமும் ரயிலில் போய்வந்தார்.

யுத்த காலத்தில் மைதீன் தினமும் சாயங்காலம் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுவார். குத்தாலிங்கம் பேசாமல் கேட்பார். மறுநாள் காலை ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் அதே பேப்பரைக் கொடுத்து, அதே செய்தியை மறுபடி வாசிக்கச் சொல்வார். அது மைதீனுக்கும் தெரியும். 1946இல் ஒரு நாள், வாசித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடியில் வைத்தார்.

"ஒன்பது வருஷம் ஆச்சுலே. ஒரு எழுத்து மாத்தி வாசிச்சிருக்கேனா?"

"இல்லை."

"பொறவு ஏன் இன்னும் வேற ஆளுகிட்டக் கேக்கே?"

"கேப்பேன்" என்றார் குத்தாலிங்கம்.

மைதீன் பேப்பரை மறுபடி கையில் எடுத்துத் தாளைப் புரட்டி, அடுத்த செய்தியை வாசிக்க ஆரம்பித்தார்.